தாலாட்டு டியூட்டி

அத்தியாயம் 4

செத்துப்போன ஓட்டுநர் தினமும் காலையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறவர்களையே புதிதாக வேலைக்கு எடுக்கக் கூடாது என்று மேலிடம் பூட்டுப் போட்டிருந்த காலம் அது. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆளில்லை, நோயில் படுத்தவர் இடத்துக்கும் ஆளில்லை. அந்த அரசுப் பேருந்துப் பணிமனையில் நல்ல வண்டிகளே ஓட்ட ஆளில்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றன. அப்படிப்பட்ட இடத்துக்கு இறந்தவர் ஒருவர் விடுப்பே எடுக்காமல் வருகிறார் என்றால் நிர்வாகம் மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டும். கிளை மேலாளர் அதைச் செய்யாமல் துப்பறிய ஆள் கூப்பிட்டிருந்தார்.

"சம்பளம் கேக்காத ஊழியர். இவரைப் போய் விரட்டணும்ங்கறீங்களே சார்," என்றான் சில்லறை.

சில்லறை உதவியாளன். கிழிந்த பையிலிருந்து காசு கொட்டுகிற மாதிரி வாயிலிருந்து பேச்சு கொட்டும் என்பதால் வந்த பெயர். நெடுநெடுவென்று வளர்ந்தவன், எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொள்ளாமல் நுழைந்ததில்லை. அவன் பக்கத்தில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்த குள்ளமான பெண்மணிதான் துப்பறிகிறவர். தொழிலாளர் துறையில் ஆய்வாளராக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறியவர். அவர் துறையை விட்டாலும் பெயர் அவரை விடவில்லை. எல்லாருக்கும் இன்னும் லேபரம்மாதான்.

"சிரிக்கிற விஷயம் இல்ல," என்றார் மேலாளர். "அவர் கடைசியா ஓட்டின வண்டியை ரிப்பேர் பண்ணி நிறுத்தியிருக்கோம். அதைத் தொட ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். தினமும் காலையில பாத்தா டிரைவர் சீட்டு நகர்ந்திருக்கு. உள்கண்ணாடி திரும்பியிருக்கு. குரல் வேற கேக்குதாம். எல்லாம் யூனியன்காரங்க வேலை மேடம். நாளைக்கு விசாரணை இருக்கில்ல, அதுக்காகப் போடற நாடகம். எவன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

"செத்தவர் எப்படிச் செத்தார்?"

"விடியக்காலையில காலி வண்டியை டிப்போவுக்குக் கொண்டு வந்துட்டிருந்தார். ஸ்டியரிங்லயே தூங்கிட்டார். வண்டி பாலத்துச் சுவர்ல போய் இடிச்சிருச்சு. கூட இருந்த கண்டக்டர் பிழைச்சுக்கிட்டார். நல்ல டிரைவர்தான், பாவம். ஒட்டகம்னு கூப்பிடுவாங்க. இதோ உங்க ஆள் உயரம் இருப்பார்."

சில்லறை சட்டென்று கொஞ்சம் குனிந்துகொண்டான். செத்தவரோடு எந்த விதத்திலும் ஒப்பிடப்படுவதை அவன் விரும்பவில்லை.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒட்டகத்தின் மனைவி. கணவர் சாவுக்கு ஈடாக வேலை கேட்டுப் போட்ட வழக்கை வாபஸ் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டால் ஈமச் செலவையாவது தருகிறோம் என்று மேலாளர் வரச் சொல்லியிருந்தார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். ஊழியர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. நாளைய விசாரணையில் தோற்றால் போக்கிடம் இல்லை. இவ்வளவையும் அவள் லேபரம்மாவிடம் அழாமல் சொன்னாள், அழுது முடித்துவிட்டவர்கள் சொல்கிற மாதிரி.

"பேய் பேய்ங்கிறாங்களேம்மா, அது அவரா இருந்தா எங்கிட்ட ஒரு தரமாவது வந்திருக்க மாட்டாரா? பிள்ளைங்களைப் பாக்க வராம பஸ்ஸைப் பாக்கவா வருவாரு?"

லேபரம்மா குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கி நடந்தார். சில்லறை குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, அந்தம்மா ஜெயிக்க வழியே இல்லையா?"

"அரசாங்கமும் யூனியனும் போட்ட ஊதிய ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. டியூட்டியில செத்தா குடும்பத்துல ஒருத்தருக்கு வேலை. சொந்த அலட்சியத்தால செத்தா ஒண்ணும் கிடையாது."

"தூக்கம் வந்தா அலட்சியமா?"

"அன்னிக்கு அவர் பாத்தது இரட்டை டியூட்டி. ஒரு டியூட்டி முடிச்ச ஆளை ஓய்வு குடுக்காம திரும்ப அனுப்பக் கூடாது. அனுப்பினா தப்பு நிர்வாகத்தோடது. ஆனா டிரைவரே விரும்பி வந்தா அனுப்பலாம். அதுவும் அதே ஒப்பந்தத்துல இருக்கு. விரும்பித்தான் வந்தார்னு மேலாளர் சொல்றார்."

"செத்தவரையே கேட்டுடலாம்னா, அவர் காலையிலதான் வருவாரு."

அந்த வண்டி சுற்றுச்சுவர் ஓரமாகத் தனியாக நின்றது. மற்ற வண்டிகள் நெருக்கியடித்து நின்றாலும் அதன் இரண்டு பக்கமும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. இழவு வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காரத் தயங்குகிற மாதிரி. உள்ளே ஏறியதும் கூரையில் விழும் மழைச் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. புது வண்ணப்பூச்சின் வாடை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் வேறேதோ வாடையும் இருப்பதாகச் சில்லறைக்குத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால் மூக்குக்கும் அதே கதிதான்.

"உட்காரு," என்றார் லேபரம்மா, ஓட்டுநர் இருக்கையைக் காட்டி.

"நானா? அவர் சீட்டுலயா?"

"அவர் உயரத்துக்கு இங்க நீதானே இருக்கே."

சில்லறை குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் நெளிந்ததைப் பார்த்து லேபரம்மா திருப்தியாகத் தலையாட்டினார்.

"இன்னிக்குக் காலையில பேய் வெச்ச இடத்துலயே சீட்டு இருக்கு. யாரும் தொடல. இவ்வளவு முன்னால இழுத்துப் போட்டு ஒட்டகம் எப்படி ஓட்டுவார்?"

"செத்தா ஆளு சுருங்கிடுவாங்களோ என்னவோ."

"எழுந்திரு."

இப்போது அவரே உட்கார்ந்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது இருக்கை. தலைக்கு மேல் உள்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். வண்டியின் கடைசி வரிசை வரை தெரிய வேண்டிய கண்ணாடி அது. ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டியது. முன்வாசலை ஒட்டிய மூன்று பேர் இருக்கை. அங்கே யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அங்கே படுத்திருந்தார்கள், யாரோ இங்கிருந்து அவரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தக் கண்ணாடி சொல்வது போலிருந்தது. திரும்பி நேராகவே ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்தார்.

பழுது பார்க்கும் கொட்டகையில் மெக்கானிக் கைதுடைத்துக்கொண்டே பேசினார். பேயைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. இடிபட்ட வண்டியைத் தன் தலையில் கட்டிவிட்டு உதிரிபாகம் தராமல் இழுத்தடித்தார்களே, அந்தக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

"வாசப் பக்கம் பூரா நசுங்கிப்போச்சும்மா. டிரைவர் பக்கம் கண்ணாடிகூட உடையல. அவர் தலையெழுத்து, அந்தப் பக்கம் உட்கார்ந்தும் போய்ச் சேந்துட்டார்."

"டிரைவர் சீட்டு?"

"அதை ஏன் கேக்கறீங்க! சீட்டு நகர்ற அடித்தண்டு வளைஞ்சு, சீட்டு முன்னால வந்து மாட்டிக்கிச்சு. நகரவே இல்ல. அறுத்துத்தான் எடுத்தேன். இடிச்ச வேகத்துல முன்னால ஓடியிருக்கும்."

அறுத்த தண்டு கொட்டகைக்குப் பின்னால் இரும்புக் குவியலில் துருப்பிடித்துக் கிடந்தது. சில்லறை முனகிக்கொண்டே அதை உருவி எடுத்தான். இருக்கையை நிறுத்தும் முளை முன்கோடியில் இருந்த குழிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இடிச்ச வேகத்துல ஓடியிருந்தா இந்த முளை ஒடிஞ்சிருக்கணும்," என்றார் லேபரம்மா. "ஒடியல. யாரோ கையால இழுத்து, குழியில போட்டு, உட்கார்ந்து ஓட்டியிருக்காங்க."

"அப்ப இடிக்கறதுக்கு முன்னாடியே சீட்டு முன்னாலதான் இருந்திருக்கு." சில்லறையின் குரல் தாழ்ந்தது. "அக்கா, அப்படின்னா அன்னிக்கு..."

"வாசல்ல காவல்காரர் இருப்பார். வா."

காவல்காரர் தன் கூண்டுக்குள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் தெரியாது என்றார். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை, மழை வேறு, கண் வேறு சரியில்லை.

"காது?" என்றான் சில்லறை.

"காது நல்லாத்தான் இருக்கு. அதுதான் தொல்லையே." அவர் குரலை இறக்கினார். "இருட்டுப் பிரியறதுக்கு முன்னாடி அந்த வண்டியிலேருந்து கேக்குதும்மா. 'அண்ணே, டிப்போ வந்தாச்சு, எழுந்திருங்க'ன்னு. ஒரு தடவை இல்ல. திரும்பத் திரும்ப. கெஞ்சற மாதிரி."

லேபரம்மா கூண்டுக்குள் தலையை நீட்டினார்.

"டிப்போ வந்தாச்சுன்னு யார்கிட்ட சொல்லுவாங்க?"

"அது..."

"வண்டியை ஓட்டிட்டு வந்த ஆளுக்கு அதைச் சொல்லணுமா? தூங்கிட்டு வந்த ஆளுக்குத்தானே சொல்லணும்?"

காவல்காரர் காலைக் கீழே இறக்கினார். முகத்தில் இருந்த சோம்பல் போய்விட்டது.

"முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாள்தான் சோத்துல மறைக்கிறது," என்றார் கடைசியில். "இங்க அதுக்குப் பேரு தாலாட்டு. ஆள் பத்தலைன்னு டிரைவருங்களை டியூட்டிக்கு மேல டியூட்டி விரட்டறாங்க. திரும்பி வர்றப்ப வண்டி காலி. டிரைவர் படுத்துக்குவாரு, கண்டக்டர் மெதுவா ஓட்டிட்டு வருவாரு. வாசல் கிட்ட வந்ததும் எழுப்பிடுவாரு. எல்லாருமே செய்யறாங்க. நானும் பாத்தும் பாக்காத மாதிரி கதவைத் திறந்துடுவேன். மேலாளர் ஜன்னலுக்குக் கீழ்தான் இந்த வாசல். அவருக்கும் கண்ணு இருக்கு."

"ஒட்டகத்தோட கண்டக்டர் எப்படி இருப்பார்?"

"அவரா? அரைடிக்கெட்டும்மா. உங்க உசரம் இருந்தா அதிகம். ஒட்டகமும் அரைடிக்கெட்டும் சேர்ந்து போனா டிப்போவே சிரிக்கும்." அவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினார். "இன்னிக்கு வண்டி முடிச்சுச் சாயங்காலம் வருவாரு."

லேபரம்மா செய்தது எளிய தந்திரம். அவருக்கே பிடிக்காத தந்திரமும் கூட. மேலாளரிடம் ஆள் அனுப்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தால் பேயைக் காட்டுகிறேன் என்றார். வேலை முடித்து வரும் அரைடிக்கெட்டை அந்த வண்டிக்கு அனுப்பிவைக்கும்படி காவல்காரரிடம் சொன்னார். ஒட்டகத்தின் மனைவியை அழைத்துப் போய் வண்டியின் பின்வரிசையில் உட்கார வைத்தார். சில்லறையை முன்வாசலை ஒட்டிய இருக்கையில் காலை நீட்டிப் படுக்க வைத்து, முகத்தில் துண்டைப் போட்டார்.

"அக்கா, இது நல்ல சகுனமா படல."

"பிணம் பேசாது. சும்மா கிட."

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மழை விட்டிருந்தது. படியில் காலடி கேட்டது. தோளில் பையோடு ஏறிய அரைடிக்கெட் இருக்கையில் நீண்டு கிடந்த கால்களைப் பார்த்தார். கூச்சல் போடவில்லை, ஓடவும் இல்லை. நிஜமாகவே பயந்தவர்கள் இரண்டையும் செய்யமாட்டார்கள் போலிருக்கிறது. அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே," என்றார். "இத்தனை நாளா கூப்பிட்டேனே. இப்பத்தான் வந்தீங்களா?"

சில்லறை துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அரைடிக்கெட் அவனைப் பார்த்தார், பிறகு ஓட்டுநர் இருக்கையில் இருந்த லேபரம்மாவைப் பார்த்தார். ஏமாற்றப்பட்டது புரிந்தும் அவருக்குக் கோபம் வரவில்லை.

"நீதானே தினமும் வர்றே?" என்று லேபரம்மா கேட்டார்.

"வராம இருக்க முடியலம்மா. இந்த சீட்டுல உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினா அவர் படுத்திருக்கற மாதிரியே இருக்கும். எழுப்பிடலாம்னு தோணும்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "அன்னிக்கு அவரால கண்ணைத் திறக்கவே முடியல. நான் ஓட்டறேன், நீங்க படுங்கன்னு நான்தான் சொன்னேன். பாலத்துல தண்ணி நின்னுச்சு. வண்டி வழுக்கிட்டுப் போச்சு. வாசப் பக்கம் நசுங்கிப்போச்சு. டிரைவர் கதவு வழியா அவரை இழுத்தேன், பாதிதான் முடிஞ்சுது. ஜனங்க வந்தாங்க. டிரைவர் கதவுல டிரைவர் கிடக்காரு. யாரு ஓட்டினதுன்னு ஒருத்தர்கூட என்னைக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கலேன்னா சொல்லக் கூடாதா?"

அரைடிக்கெட் முகத்தை மூடிக்கொண்டார்.

"பிரமாதம்!" என்று படியிலிருந்து குரல் வந்தது. மேலாளர் எப்போது வந்தாரோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "தூங்கினான்னு மட்டும்தான் நான் நினைச்சேன். லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டியைக் குடுத்துட்டுப் படுத்திருக்கான். இதுக்கு மேல என்ன அலட்சியம் வேணும்? கேஸ் முடிஞ்சுது மேடம். அந்தம்மா பெஞ்சுலதான் இருக்கும். போய்க் கையெழுத்து வாங்கிடறேன்."

சில்லறை லேபரம்மாவின் பக்கம் சாய்ந்தான். "அக்கா, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிருச்சே."

லேபரம்மா மேலாளர் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்வி சார். இரட்டை டியூட்டிக்கு அவர் விரும்பித்தான் வந்தாரா?"

"பின்னே? வீட்டுக்குப் போன் பண்ணினேன். ஆள் இல்லப்பா, வர்றியான்னேன். சந்தோஷமா வர்றேன் சார்னார்."

"அவர் போனை எடுக்கல."

பின்வரிசை இருட்டிலிருந்து வந்தது குரல். மேலாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். அன்று பேயைப் பார்த்தவர் போல நின்றது அவர் ஒருவர்தான். ஒட்டகத்தின் மனைவி இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு நடந்து முன்னால் வந்தாள்.

"எடுத்தது நான். இப்பத்தான் வந்து படுத்தாரு, சாப்பிடக்கூட இல்லன்னு சொன்னேன். எழுப்புன்னீங்க. உடம்பு முடியலங்கன்னேன். இப்ப வராட்டி இனிமே வரவே வேண்டாம்னு சொல்லுன்னீங்க. அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசல." அவள் மூச்சு வாங்கினாள். "நான்தான் எழுப்பினேன். கண்ணைத் திறக்கவே மாட்டேன்னாரு. தோளைப் பிடிச்சு உலுக்கினேன். வேலை போயிடும் எழுந்திருங்கன்னு திட்டிக்கூட எழுப்பினேன். அதை யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? நானே கொன்னேன்னா சொல்லுவேன்?"

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்டக்டரையும் யாரும் கேக்கல, வீட்டுக்காரியையும் யாரும் கேக்கல," என்றார் லேபரம்மா. "மிரட்டி எழுப்பிக் கூட்டிட்டு வந்த ஆள் விரும்பி வந்தவர் ஆகமாட்டார் சார். ஒப்பந்தத்தை மீறினது நீங்க. அதுக்கப்புறம் நடந்தது எல்லாத்துக்கும் நிர்வாகம்தான் பதில் சொல்லணும். உங்க ஜன்னலுக்குக் கீழ தினமும் தாலாட்டு நடந்தது உட்பட."

"உங்களைக் கூப்பிட்டது நான் மேடம்! பேயைப் பிடிக்கக் கூப்பிட்டேன்!"

"பிடிச்சாச்சு சார்," என்றான் சில்லறை. "நாளைக்கு விசாரணையில சாட்சி சொல்ல வருது."

மேலாளர் தடதடவென்று இறங்கிப் போனார். அவர் குடை படியிலேயே கிடந்தது.

லேபரம்மா அரைடிக்கெட்டின் முன்னால் குனிந்தார். "அவசரப்பட்டு அவன் சொல்லிட்டான். நீ சொல்லணும். உனக்கு வேலை போகும். போலீஸ் கேஸும் வரும். வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ வராட்டி, ஸ்டியரிங்ல தூங்கிச் செத்தார்னுதான் இருக்கும்."

அரைடிக்கெட் ஒட்டகத்தின் மனைவியைத்தான் நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்த முகம் அடி விழும் என்று எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது.

அவள் அந்த மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"தம்பி. இங்கதானா?"

"ஆமா அண்ணி."

"நல்லாத் தூங்கினாரா?"

"குறட்டை விட்டாரு அண்ணி. வழி பூரா. எழுப்பவே மனசு வரல."

அவள் வெகுநேரம் அழுதாள். சில்லறை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லேபரம்மா திருப்பிக்கொள்ளவில்லை.

"கண்ணை மூடினா நானும் அவரைத்தான் எழுப்பிக்கிட்டே இருக்கேன் தம்பி," என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீயும் இங்க வந்து எழுப்பறே. போதும். விட்டுடு. தூங்கட்டும் மனுஷன்."

அரைடிக்கெட் தலையாட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார். அது நழுவிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து அதைத் தூக்கி அவர் தோளில் மாட்டிவிட்டாள்.

"காலையில நேரா வீட்டுக்கு வந்துடு. பிள்ளைங்களை அனுப்பிட்டு, விசாரணைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

"வர்றேன் அண்ணி," என்றார் அரைடிக்கெட்.